கண்ணாடிக்குள் காணாமல் போன குப்பம்

எங்கள் குப்பம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிறது. நான் மீன் விற்பவள். போன மாசியில் எங்கள் கரையில் ஒரு நாடகம் போட வந்தார்கள். மேடை கிடையாது. பார்க்க வருகிறவர்கள் தடித்த கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு மணலில் நடக்க வேண்டும். கண்ணெதிரே பல்லவர் காலத்துத் துறைமுகம் விரியும், கப்பல் வரும், ராஜா வேடம் போட்டவர் வந்து பேசுவார்.

ஒத்திகையன்று நானும் ஆசையாக மாட்டிப் பார்த்தேன். கப்பல் அழகாகத்தான் இருந்தது. என் வீட்டுப் பக்கம் திரும்பினேன். வெறும் மணல். வாசலில் உட்கார்ந்திருந்த என் நாத்தனாரையும் காணோம்.

"இன்னா தம்பி, என் வூடு எங்க?" என்று நாடகம் நடத்துபவரிடம் கேட்டேன்.

"அது பழைய காலம் அக்கா. அப்போ உங்க வீடெல்லாம் ஏது? அசையாம இருக்கிறதை எல்லாம் இந்தக் கண்ணாடி மறைச்சிடும்."

"அப்போ ராஜாவுக்கு மீன் புட்ச்சி குட்த்தது யாரு, உங்க நைனாவா?"

அதற்குள் நாத்தனார் எழுந்து என்னிடம் நடந்து வந்தாள். கண்ணாடிக்குள் வெறும் மணலிலிருந்து அவள் திடீரென்று முளைத்தாள். எனக்கு வழி தெரிந்துவிட்டது.

முதல் காட்சியன்று ராஜா வாயைத் திறந்ததும், குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் மீன்கூடையோடு அவருக்கும் கப்பலுக்கும் நடுவே நடந்தோம்.

"அக்கா, நாடகமே கெட்டுப்போகுது!" என்று நாடகம் நடத்துபவர் ஓடி வந்தார்.

"எங்க வூட்டக் காட்டு. அப்பால ஒதுங்கி நிக்கறோம்."

நாங்களும் நடிக்கிறோம் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். தட்டட்டும். இருக்கிற இடத்தில் இருக்கிறோம் என்று காட்டக்கூட ஓயாமல் நடக்க வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

வீடுகளை அவர்கள் இன்னும் காட்டவில்லை. நாங்களும் இன்னும் ஒதுங்கவில்லை.