அப்பாவை மேக்கப்புக்குக் கூப்பிட்டார்கள்

அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக் என்ற ஊரில் ஒரு வாடகை வீட்டில் எடுத்த படம் அது. அதில் எனக்கு மருமகளைக் கரித்துக்கொட்டும் மாமியார் வேஷம். நிஜத்தில் நான் மருந்து கம்பெனியில் வேலை பார்க்கிறவள். ஆசை யாரை விட்டது! முதல் நாளே கூத்து. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் லாஸ்ட் நேமாக உட்கார்ந்துவிட்டதால், எல்லாரும் அதைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. பாவம் மனுஷன், அவரை மேக்கப்புக்கு வரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

இதைச் சொன்னதும் அதே படத்தில் நடிக்க வந்து பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஹங்கேரியில் பிறந்தவர், அங்கே கதாநாயகியாக நடித்தவர். இங்கே வந்த பிறகு கிடைத்ததெல்லாம் ரஷ்ய உளவாளியின் அம்மா, போலந்துச் சமையல்காரி, ஜெர்மன் நர்ஸ். ஒரு தடவைகூட ஹங்கேரிக்காரி வேஷம் கிடைக்கவில்லை. அவர்கள் ஊரிலும் குடும்பப் பெயர்தான் முன்னால் வருமாம், நம் இனிஷியல் மாதிரி. இங்கே ஏஜென்ட் அதைத் திருப்பிப் போட்டு, வாயில் நுழையவில்லை என்று கொஞ்சம் வெட்டி, கடைசியில் வேறு பெயரே வைத்துவிட்டான். நடித்த அத்தனை படத்திலும் அந்த இரவல் பெயர்தான்.

ஷூட்டிங் முடிவதற்கு முந்தின நாள் டைரக்டர் என்னிடம் வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

“ஆன்ட்டி, டைட்டில்ல உங்க பேரை ஷார்ட்டா போட்டுக்கலாமா? ஒரே லைன்ல ஃபிட் ஆகல.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “என் பேர் என்ன துணியா, அளவுக்கு வெட்டறதுக்கு? அப்பா இனிஷியல் முன்னாடி, என் பேர் முழுசா பின்னாடி. இல்லேன்னா நாளைக்கு நான் வரல. மருமகளை நீயே திட்டிக்கோ!”

“இட்ஸ் ஜஸ்ட் எ கிரெடிட், ஆன்ட்டி!”

“டைரக்ஷன்னு உன் பேர் மட்டும் முழுசா வருதே, அது எப்படி ஃபிட் ஆகுது?”

என்ன சண்டை என்று ஹங்கேரி அம்மாள் விசாரித்தார், சொன்னேன். உடனே எழுந்து டைரக்டரிடம், தனக்கும் சொந்தப் பெயர்தான் வேண்டும், குடும்பப் பெயர் முன்னால் வர வேண்டும் என்றார்.

அந்தப் பெயரில் உங்களை யாருக்கும் தெரியாதே என்று அவள் பதறினாள்.

“இந்தப் பெயரில் மட்டும் யாருக்குத் தெரிந்தது?” என்றார் அம்மாள்.

ஒரு சின்னத் தியேட்டரில் படம் போட்டார்கள். முடிவில் பெயர்கள் வரிசையாக மேலேறின. என் அப்பா ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, என் பெயருக்கு முன்னால் அடக்கமாக நின்றார். அடுத்து, ஹங்கேரி எழுத்துகளின் தலைமேல் கோடும் புள்ளியுமாக ஒரு நீளப் பெயர். அந்த அம்மாள் எழுந்து நின்று அதை உரக்கப் படித்தார். பின்வரிசையிலிருந்து ஒருவர் உட்காரச் சொன்னார். அம்மாள் உட்காரவில்லை. அந்த ஆளைத் திரும்பிப் பார்த்து, இன்னொரு முறை, இன்னும் உரக்கப் படித்தார்.