அப்பாவின் சான்றிதழ் வயதும் கோல்ஃப் மைதானத்து வண்டியும்

கோல்ஃப் என்றதும் பச்சைப் பசேலென்று புல்வெளியை நினைத்துக்கொள்கிறவர்களிடம் எங்கள் மைதானத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கும். சேலத்துக்கு வெளியே, வெள்ளைக்கல் வெட்டும் கம்பெனியின் குடியிருப்பை ஒட்டி இருந்தது அது. மருந்துக்குக்கூடப் புல் கிடையாது. செம்மண், சரளை, முள்ளுச்செடி, நடுநடுவே யாரோ ஓட்டிவிட்ட வெள்ளாடு. குழியைச் சுற்றி மட்டும் மணலில் கழிவு ஆயிலைக் கலந்து மெழுகி வைத்திருப்பார்கள். இன்றைக்கும் ஏதாவது லாரிப் பட்டறையைத் தாண்டும்போது அந்த ஆயில் வாசம் வந்தால் என் கால் தானாக நின்றுவிடும். அப்பா பக்கத்தில் இருப்பது போலவே தோன்றும். இல்லை என்று தெரிந்தும் திரும்பிப் பார்ப்பேன்.

அப்பா அந்தக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் ஆபீசர். ஆபீசர் ஆனால் கிளப்பில் சேரலாம். மற்றவர்கள் பெரும்பாலும் சீட்டாடப் போனார்கள், அப்பா பந்தடிக்கப் போனார். வெள்ளைக்கல் சிதறிக் கிடக்கும் பூமியில் வெள்ளைப் பந்து விழுந்தால் யார் கண்டுபிடிப்பது? வெண்ணந்தூரில் தறி போட்டிருந்த எங்கள் சொந்தக்காரர்களிடமிருந்து நூலுக்குப் போடும் சிவப்புச் சாயம் வாங்கி வந்து, பந்துகளை அதில் முக்கிக் கொடியில் காயும் துணிக்குக் கீழே பரப்பி வைப்பார். கொடியிலிருந்து விழுந்து அம்மாவின் வெள்ளைப் பாவாடை ஒன்று அதில் போயே போய்விட்டது. அன்றைக்கு வீட்டில் நடந்த ரகளையை எழுதினால் இந்தக் கட்டுரை போதாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருடைய வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நொண்டியபடி வருவார். “என்னங்கப்பா, முடியலையா?” என்றால், “வெயில் ஏறிப்போச்சு சாமி” என்பார்; என்னைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார். ஆறரை மணிக்கு என்ன வெயில்?

அந்தச் சமயத்தில்தான் கிளப்பில் புதுச் சட்டம் வந்தது. அறுபது வயது நிரம்பியவர்கள் மைதானத்துக்குள் வண்டியில் சுற்றி ஆடலாம், மற்றவர்கள் நடந்துதான் ஆட வேண்டும். கேட்பதற்கு நல்ல சட்டம்தான். ஆனால் எங்கள் கம்பெனியில் ஐம்பத்தெட்டில் ரிட்டையர்மென்ட். வேலை போனால் கிளப்பும் போச்சு. அப்புறம் அறுபது வயது ஆபீசர் எங்கிருந்து வருவார்? விசாரித்தால் விஷயம் இதுதான்: கம்பெனிக்கு வேண்டப்பட்ட மில் முதலாளி ஒருவர் கிளப்பில் விருந்தாளி உறுப்பினர். அவருக்கு இடுப்பு வலி. அவருடைய ஜீப்பை உள்ளே விடுவதற்காகத் தைத்த சட்டை அது, வேறு யாருக்கும் பொருந்தாது.

இதில் பெரிய வயிற்றெரிச்சல் என்னவென்றால், என் அப்பாவுக்கு நிஜமாகவே அறுபது தாண்டிவிட்டது. அவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிறந்த தேதி யாருக்கும் தெரியவில்லை. “நல்ல மழை பேஞ்ச வருசமுங்க, ஆடி மாசம்” என்றாராம் தாத்தா. வாத்தியாரும் பெரிய மனசு பண்ணி, பின்னால் உத்தியோகத்துக்கு உதவும் என்று நாலு வருஷம் குறைத்து ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு ஜூன் மாதம்தான் பிறந்தநாள். வீட்டில் எல்லோரும் அந்த நாலு வருஷத்தை வரமாகவே நினைத்திருந்தோம். நிஜ வயதை வெளியே சொன்னால் அத்தனை வருஷச் சர்வீஸுக்கும் வில்லங்கம் வரும். முழங்காலுக்குச் சான்றிதழ் ஏது? அதற்கு உள்ளபடியே வயசாகிவிட்டது.

எனக்கோ பொறுக்கவில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்த சம்பளத்தில் நான் ஒரு மொபெட் வாங்கியிருந்தேன். நேராகக் கிளப் செக்ரெட்டரியிடம் போய், வயதைப் பற்றி வாய் திறக்காமல், “அப்பாவுக்குக் கால் வலிங்க சார். நான் வண்டியில உக்கார வெச்சு மெதுவா ஓட்டறனுங்க” என்றேன். கம்பெனியில் எல்லோருடைய சர்வீஸ் கணக்கையும் பார்க்கும் பர்சனெல் ஆபீசரும் அவரேதான்.

“ரூல்னு ஒண்ணு இருக்குதுங்கம்மா. உங்கப்பாவுக்கு அறுபது ஆகட்டும்.”

“அறுபது ஆனா உள்ளயே உடமாட்டீங்களே சார்!”

அவர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நாலு வார்த்தை கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அப்பாவுக்கு விஷயம் தெரிந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ரிட்டையர் ஆகும் நாள் வந்தது. அன்று சாயந்திரம் மாலை மரியாதை, மறுநாள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். விடிந்தும் விடியாததுமாக அப்பா பையோடு கிளம்பிவிட்டார். கடைசித் தடவையாக ஒரு முழுச் சுற்று ஆடிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு வருவது வரட்டும் என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்துவிட்டேன். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார்.

மூன்றாவது குழி தாண்டி ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார் அப்பா. முகமெல்லாம் வேர்வை.

“ஏறுங்கப்பா.”

“வேண்டாஞ் சாமி. ரூல் இல்ல.”

“ரூலு கெடக்குது. ஏறுங்க!”

அந்த நேரம் பார்த்து செக்ரெட்டரியும் இன்னொருவரும் ஆடிக்கொண்டே அந்தப் பக்கம் வந்தார்கள். செக்ரெட்டரி வண்டியைப் பார்த்தார். “ஏம்மா, சொன்னாக் கேக்க மாட்டீங்களா? சாருக்கு ஐம்பத்தெட்டுதானே ஆகுது?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா மரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

“எனக்கு அறுபத்திரண்டு ஆச்சுங்க” என்றார்.

கம்பெனி இன்னும் அவர் கணக்கைத் தீர்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருப்பவரோ கையெழுத்துப் போட வேண்டியவர். இத்தனை வருஷம் கட்டிக்காத்ததை ஒரு ஆட்டத்துக்காகப் போட்டு உடைத்துவிட்டாரே மனுஷன்!

செக்ரெட்டரி அப்பாவின் முழங்காலைப் பார்த்தார். அப்புறம் கூட வந்தவரிடம், “நம்ம பந்து அந்தப் பக்கம்தானே போச்சு?” என்று கேட்டபடி நடந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசியதாகத் தெரியவில்லை. நான் கொடுத்த நாலு வார்த்தையில் மூன்றை அன்றைக்கே மனசுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அப்பா ஏறி உட்கார்ந்தார். ஒரு கையில் மட்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை என் தோளில் வைத்துக்கொண்டார். சரளையில் வண்டி தடதடவென்று ஆடும். பந்து கிடக்கும் இடத்தில் நிறுத்துவேன். இறங்கி, அடித்து, கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஏறுவார். “அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம் போ சாமி, மெதுவா, மெதுவா” என்று வழி சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டில் ஒரு வாரத்துக்குப் பேசுவதை அந்தச் சுற்றில் பேசினார். அந்தக் கையின் கனம் என் தோளில் இன்னொரு தடவை இருக்காதா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். கடைசிக் குழியில் பந்தைத் தள்ளிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

பையை முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு கேட்டை நோக்கி ஓட்டினேன். பின்னாலிருந்து, “நாளைக்கு இன்னும் கொஞ்சம் நேரமே வந்தரலாம் சாமி, வெயிலுக்கு முன்னால” என்றார்.

“சரிங்கப்பா” என்றேன்.