உறை மாட்டாத கொடி

பக்கத்து நாட்டுத் தூதரின் கார் முகப்பில் இருக்கும் சின்னக் கொடியை என் தம்பி தினமும் விரலால் நீவிச் சுருக்கமெடுப்பான். பல வருடமாக அவருக்கு அவன்தான் டிரைவர். தூதர் உள்ளே இருந்தால் கொடி பறக்கலாம். இறங்கிவிட்டால் உறை மாட்டிவிட வேண்டும். இரண்டு நாடும் கைகுலுக்கிய காலத்திலும் முறைத்துக்கொண்ட காலத்திலும் இது மாறவில்லை.

எல்லையில் நம் சிப்பாய்கள் செத்த அன்று, கண்டனம் தெரிவிக்க நம் அமைச்சகம் தூதரைக் கூப்பிட்டது. அவரை அங்கே இறக்கிவிட்ட பதற்றத்தில் தம்பி உறையை மறந்துவிட்டான். காலி வண்டியோடு திரும்பும்போது, கொடியைப் பார்த்த கூட்டம் நாற்சந்தியில் காரை மறித்துக் கண்ணாடியை உடைத்தது.

"எங்கடா உன் தூதரு?"

"காலி வண்டிங்க. நானும் இந்த ஊர்க்காரன்தான்!"

"அப்படின்னா உனக்கு ரெண்டு பங்கு!"

இடது கையைக் கதவில் வைத்து நசுக்கினார்கள். முகத்தைத் தார்ச்சாலையில் தேய்த்தார்கள். காருக்குத் தீ வைக்கப் போனபோதுதான் அவனை விட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலும் கூட்டம் நின்றதால் என்னிடம் வந்தான். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். காயங்களைக் கழுவி, விரல்கள் அசையாமலிருக்க மூங்கில் பட்டை வைத்துக் கட்டினேன்.

"அக்கா, நாளைக்கு அவரைத் திருப்பி அனுப்புறாங்க. ஏர்போர்ட்டுக்கு நான்தான் ஓட்டணும்."

"பேசாதடா, காது தொங்குது. இன்னொரு தடவை அடிச்சா கட்டுப்போட என்ன மிச்சமிருக்கும்?"

"வேற யாரும் வர மாட்டேங்கிறாங்க. இன்னொரு வண்டி இருக்கு, கியர் போட வேண்டாம். ஒரு கை போதும்."

மறுநாள் காலை கொடி பறக்க ஓட்டினான். வழியில் கற்கள் விழுந்தன, நிறுத்தவில்லை. தூதர் இறங்கி உள்ளே போனதும், முதல் வேலையாக, ஒரு கையாலும் பல்லாலும் கொடிக்கு உறை மாட்டினான். பிறகுதான் வண்டியைத் திருப்பினான்.