அடிபடும் முன்பே கட்டுப் போட்டவள்

மேட்டுப்பாளையம் சாலையில் துடியலூரைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஓர் அட்டை ஆலையில் எனக்கு வேலை. வெளிநாட்டுக் கழிவுத் தாள் கப்பலில் வந்து, லாரியேறி எங்களிடம் சேரும். கம்பி கட்டிய பொதியை அறுத்துவிட்டால் ஊர் உலகத்துக் காகிதமெல்லாம் சரிந்து விழும். அதிலிருந்து பிளாஸ்டிக்கையும் கம்பியையும் பொறுக்கியெடுக்கப் பெண்கள் இருக்கிறார்கள். நான் மேற்பார்வையாளன். அவர்கள் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

எனக்குக் காமிக்ஸ் பைத்தியம் நாற்பத்தாறு வயதிலும் தெளியவில்லை என்பது ஆலை முழுக்கத் தெரியும். பொறுக்கும் பெண்களில் மூத்தவரான அக்கா ஒருநாள் கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், உங்களுக்குப் பொம்மை பொஸ்தகம் வந்திருக்குதுங்க. காயிதக் கூழுல போடட்டுங்களா, ஊட்டுக்குக் கொண்டு போறீங்களா?"

சணல் போட்டுக் கட்டிய மூன்று புத்தகங்கள். முதுகில் ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்கள். மற்றபடி ஓர் எழுத்துகூட எனக்குப் புரியாது, எல்லாம் ஜப்பானியம். இந்த வகைக்கு மங்கா என்று பெயர் இருப்பது பிற்பாடுதான் தெரிந்தது. கடலோர ஊரில் ஓர் அப்பா சின்னதாக நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார். பதினேழு பதினெட்டு வயதில் அவருக்கு ஒரு மகள். அவ்வளவுதான் கதை. பிறந்ததிலிருந்து எல்லாப் புத்தகத்தையும் எந்தப் பக்கம் திறந்தேனோ அதே பக்கம் திறந்து, படங்களை மட்டும் பார்த்து மூன்றையும் முடித்தேன். முடித்தபோது நான் வேறு மனிதனாகிவிட்டதாக எனக்கே ஒரு நினைப்பு.

அதுவரை நான் படித்த காமிக்ஸெல்லாம் பழுப்புத் தாளில் வந்தவை. குதிரையில் வரும் கௌபாய் சுத்தத் தமிழில் வில்லனைக் கண்டிப்பான். தோளில் குண்டு வாங்குவான். அடுத்த மாத இதழில் சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் வந்து நிற்பான். உளவாளிக்கு வயசே ஆகாது. முதலில் அடி, பிறகு கட்டு, கடைசியில் வெற்றி என்று எல்லாம் ஒரே வரிசை. இந்த ஜப்பான்காரரோ அந்த வரிசையையே உடைத்துவிட்டார். முதலில் மகளின் முழங்காலில் கட்டு. பிறகு ரத்தம். அதற்குப் பிறகுதான் அவள் சைக்கிளிலிருந்து விழுகிறாள். நான் மலைத்துப்போனேன். வலி முதலில் வருகிறது, காரணம் பிறகுதான் நினைவுக்கு வருகிறது. மனித மனம் இப்படித்தானே இயங்குகிறது? டீ நேரத்தில் இதை விளக்கினேன்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "அடி படறதுக்கு முன்னாடியே கட்டுப் போட்டுக்கறாளாக்கும் அந்தப் புள்ள? வெவரமான புள்ளதானுங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். இலக்கியம் எல்லாருக்கும் பிடிபடாது என்று நான் மனதுக்குள் அவர்களை மன்னித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்குச் சென்னையில் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. ஒரே மகள். ஐந்து வருடம். பள்ளியிலிருந்து கால் மணி நேரம் தாமதமாக வந்தாலே பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிடுகிற ஆள் நான். பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். படித்தவனாயிற்றே, அதனால் காரணம் சொன்னேன். சென்னைத் தண்ணீர் என்றேன், விடுதிச் சாப்பாடு என்றேன். இங்கே இல்லாத கல்லூரியா என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் வைத்திருந்தாள். சம்மதக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடவேண்டிய கடைசி நாளுக்கு முந்தின ஞாயிறு, வேறு வழியில்லாமல் மூன்றாம் புத்தகத்தை எடுத்து வந்தேன்.

"பொம்மை பொஸ்தகத்தையெல்லாம் சாட்சிக்குக் கூட்டிட்டு வாரீங்களே," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

நான் காதில் வாங்கவில்லை. கடைசிப் பக்கங்களை மகளுக்கு விரித்துக் காட்டினேன். "இதப் பாரு கண்ணு. அப்பனும் மகளும் சாப்பிடறாங்க. ஸ்டேசனுக்கு நடக்கறாங்க. இவ ரயிலேறிப் போயிடறா. அப்பறம் எட்டுக் கட்டம் முழுக்க அப்பன் தனியா நிக்கறான். பேச்சில்ல, ஒண்ணுமில்ல. அதோட கதை முடிஞ்சுபோச்சு. அவ திரும்பி வரவேயில்ல. இன்னொண்ணு பாரு, ரயிலேறறப்பக்கூட முகத்தத் திருப்பாம, அப்பனப் பாத்துட்டே பின்பக்கமாவே ஏறறா. நம்மூருல எவன் இப்படி வரைவான்?"

அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு சில பக்கங்களை முன்னும் பின்னும் தள்ளினாள். நெற்றி சுருங்கியது.

"அப்பா, இங்க கிண்ணம் காலியா இருக்குதுங்க. அடுத்த பக்கத்துல பாதி இருக்குது. அதுக்கடுத்ததுல ததும்ப நிக்குது. சாப்பிடச் சாப்பிட நெறையுமாங்கப்பா?"

"அது கலைஞனோட பார்வை, அம்மணி."

"பார்வையுமில்ல, ஒண்ணுமில்லீங்கப்பா." அவள் புத்தகத்தை மூடி, பின்னட்டை என்று நான் நினைத்திருந்ததை மேலே வைத்துத் திறந்தாள். "இதுதான் மொதப் பக்கம். இவங்க வலமிருந்து படிப்பாங்களாட்ட இருக்குது."

எட்டுக் கட்டங்களில் அப்பா காத்து நின்றார். ரயில் வந்தது. கதவு திறந்தது. மகள் முகத்தைக் காட்டியபடி இறங்கினாள். இருவரும் கடைக்கு நடந்தார்கள். கிண்ணம் நிறைந்திருந்தது, பாதியானது, காலியானது.

"இவ போறவ இல்லீங்கப்பா, வந்தவ."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்று, அங்கே யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது.

நான் லேசில் விடுகிறவன் இல்லை. "வந்தவன்னா, அதுக்கு முன்னாடி போயிருக்கத்தான வேணும்?" என்றேன்.

"போகாம எப்படீங்கப்பா வர்றது?"

கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதவில்லை என்று இரண்டு பேனா மாற்றினேன். இரண்டும் நன்றாகவே எழுதின.

மறுநாள் ஆலையில் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "நான் அன்னிக்கே சொன்னனுங்களே" என்று அவர் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, மிச்சம் இருந்த தன் முறுக்கில் பாதியைக் கொடுத்தார். அது, சொல்லிக்காட்டுவதைவிட மோசமாக இருந்தது.

அன்று மாலை மூன்று புத்தகங்களையும் சரியான பக்கத்திலிருந்து படித்தேன். சைக்கிள், ரத்தம், கட்டு என்று எல்லாம் எங்கள் கௌபாய் வரிசையில்தான் இருந்தன. மனித மனத்தைப் பற்றிய என் கண்டுபிடிப்புகள் ஒன்றொன்றாக உதிர்ந்தன. ஆனாலும் பழையவற்றை ஒதுக்கி இதை உயர்த்தி வைக்க ஒரு காரணம் மிஞ்சியது. பழைய கதைகளில் வீரன் குதிரையேறிப் போனால் படமும் அவன் பின்னாலேயே போய்விடும். வாசலில் நிற்பவர்களுக்கு ஒரு கட்டம்கூடக் கிடைக்காது. இந்த ஆள் மட்டும்தான் நிற்பவனுக்கு எட்டுக் கட்டம் கொடுத்திருந்தார். அப்பா நிற்கிறார், பிடரியைச் சொறிகிறார், செருப்பைப் பார்க்கிறார், மறுபடி நிற்கிறார். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அந்த மனிதர் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவளைக் கோவை ஜங்ஷனில் மதிய ரயிலில் ஏற்றிவிட்டோம். தண்ணீர் பாட்டில், போர்வை, பூட்டு, அந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவளைச் சலிப்பூட்டினேன். "வாரனுங்கப்பா" என்று சொல்லிவிட்டு ஏறினாள். எனக்குத் தெரிந்தது முதுகு, தோள்பை, பின்னல், ஒரு குதிகால். எல்லாரும் அப்படித்தான் ரயிலேறுகிறார்கள். அப்பாவைப் பார்த்தபடி பின்பக்கமாகவே ஏறுகிறவர்கள் யாரும் கிடையாது. முகம் தெரிவது இறங்கும்போதுதான். மகள் கிண்ணத்தைக் காட்டியபோது நான் பாதிதான் நம்பியிருந்தேன் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ரயில் போன பிறகு மனைவி கையைத் தொட்டாள். "ஏனுங்க, போலாமுங்களா?"

"நீ நட, வாரேன்," என்றேன்.

பிடரியைச் சொறிந்தேன். செருப்பைப் பார்த்தேன். அந்த ஜப்பான் அப்பா எட்டுக் கட்டம் நின்றார். நான் ஒரு பத்துப் பன்னிரண்டு நின்றிருப்பேன்.