ஃப்ளெக்ஸில் இருந்த முகம்

அந்தப் பழைய பிரெஞ்சுக் குற்ற நாவலை நான்கு முறை படித்திருக்கிறேன். யாரையோ யாரென்றோ நினைத்துக் கைது செய்துவிட்டு, முந்நூறு பக்கம் திண்டாடும் ஓர் இன்ஸ்பெக்டரின் கதை. ‘முகத்தைப் பார்த்தவன் பேரைக் கேட்டானா, மடையன்!’ என்று நான்கு முறையும் அவனைத் திட்டியிருக்கிறேன். அந்த நாவலைப் பற்றிப் பேச வந்த பேராசிரியரை விட்டுவிட்டு, வேறொருவரைத் திருச்சி ஜங்ஷனிலிருந்து அழைத்துவந்தவனும் நானேதான்.

திருவானைக்காவல் பக்கம் ஒரு கல்லூரியில் அப்போது நான் தற்காலிக விரிவுரையாளன். தற்காலிகத்துக்கு ஏழு வயது. “ஃபங்ஷன் நல்லபடியா நடக்கட்டும் சார், ஜூன்ல பர்மனென்ட் ஆர்டர் போட்டுடலாம்” என்று செயலாளர் சொல்லியிருந்தார்.

பேராசிரியர் அனுப்பிய போட்டோவை வைத்து கேட்டில் பத்தடி ஃப்ளெக்ஸ் கட்டினேன். கருகரு மீசை, சுருட்டை முடி. சிறப்பு விருந்தினர்கள் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோவைத்தான் அனுப்புவார்கள் என்பது கல்லூரி பியூனுக்குக்கூடத் தெரியும். எனக்கு நாவல் தெரியும்.

ஜங்ஷன் வாசலில் அதே மீசை, அதே முடி, தோளில் கனத்த பை. அவரே முந்திக்கொண்டார்.

“காலேஜ்லேருந்து வரீங்களா? கார் அனுப்புறேன்னாங்க.”

சால்வையைப் போர்த்தினேன். மிரண்டார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

காவிரிப் பாலத்தில் கேட்டார்: “எத்தனாவது மாடிங்க?”

“ரெண்டாவது சார். முந்நூறு பேர் வருவாங்க.”

“முந்நூறா? அப்புறம் ஏன் பழுதாகாது!”

இன்றைய இளைஞர்களைச் சொல்கிறார் என்று நினைத்து நானும் தலையாட்டினேன்.

மேடையில் மாலை போட்டு உட்கார வைத்து, பதினைந்து நிமிடம் அந்த இன்ஸ்பெக்டரைக் கிழித்தேன். “நம்மில் யாராவது இப்படி ஏமாறுவோமா?” என்று முடித்தபோது நல்ல சிரிப்பு. என் போன், மேடை நாகரிகம் கருதி, சைலன்டில் இருந்தது.

விருந்தினர் மைக்கைப் பிடித்தார். “வணக்கங்க. இருபது வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பாக்கறேன். ஒருத்தரும் தண்ணிகூடக் குடுத்ததில்ல, நீங்க மாலையே போட்டுட்டீங்க. லிஃப்டைக் காட்டுனீங்கன்னா வேலையை ஆரம்பிச்சுடுவேன்.”

அந்தக் கல்லூரியில் அவ்வளவு மனப்பூர்வமான கைதட்டலை நான் கேட்டதில்லை.

போனில் பதினோரு மிஸ்டு கால். கீழே ஓடினேன். நின்றுபோன லிஃப்டின் முன்னால், ஸ்டூலில், ஆட்டோ பிடித்து வந்திருந்த ஒரு வழுக்கைத் தலைப் பெரியவர். வாட்ச்மேன் அவரைக் கடிந்துகொண்டிருந்தார்: “நாலு மாசமா காத்துக்கிட்டிருக்கோம், ஒரு ஸ்பேனர்கூட இல்லாம வந்து நிக்கிறீங்களே சார்!”

பேராசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நாவல்ல வர்ற அந்த இன்ஸ்பெக்டரா இருந்தா இந்நேரம் என்னைத் தேடவாவது ஆரம்பிச்சிருப்பான்” என்றார். பிறகு ஒரு மணி நேரம் பேசினார். யாரும் கைதட்டியதாக நினைவில்லை.

சாயங்காலம் லிஃப்ட் ஓடியது. மூட்டுவலிக்காரரான செயலாளர் நான்கு மாதத்துக்குப் பின் தன் மூன்றாம் மாடி அறைக்குப் போனார். அந்தச் சந்தோஷம்தான் என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முகம் எவ்வளவு தெரிந்ததாக இருந்தாலும் பேரைக் கேட்டுவிடுங்கள்.

ஜூனில் செயலாளர் கூப்பிட்டு ஆர்டரை நீட்டினார். நான் கையை நீட்டியதும் அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“உங்க பேரு என்ன சார்? எதுக்கும் கேட்டுக்கறேன்.”