எட்டுக்கு ஒன்றாய்க் காய்ச்சிய பியர்

டென்மார்க்கின் பிராண்டேயில் ஸ்ரனிஸ்லாஸ் என்று கேட்டால் ஆட்கள் யோசிப்பார்கள். கசாயத்தார் என்று கேட்டால் கதவு இலக்கத்தோடு வழி சொல்வார்கள். யார் தும்மினாலும் மல்லி, வேர்க்கொம்பு, மிளகு மூன்றையும் எட்டுக் கோப்பைத் தண்ணீரில் போட்டு, ஒரு கோப்பையாய் வற்றக் காய்ச்சி, வாயில் ஊற்றிவிட்டுத்தான் மனுசன் மறுவேலை பார்ப்பார். காய்ச்சல் பயந்து ஓடியதா, நோயாளி பயந்து எழுந்தானா என்பது வேறு விஷயம்.

ஊர் மன்னாரில் பேசாலை. அங்கே வலையும் கயிறும் விற்றவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அவருடைய இரண்டாம் பூசை கள்ளுக் கொட்டிலில் தொடங்கும். அது முதலாவதைவிட நீளம். அதனால் எண்பத்தாறில் அவர் புறப்பட்டபோது மனைவி செலீனா அவரை மடுக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மாதா முன்னால் நேர்த்தி வைக்கச் செய்தாள். அவள் டென்மார்க்குக்கு வந்து, தன் கையால் ஊற்றிக் கொடுக்கும்வரை அவர் ஒரு சொட்டும் தொடக்கூடாது. மிஞ்சிப்போனால் ஆறு மாதம் என்று ஸ்ரனிஸ்லாஸ் மனதுக்குள் நினைத்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டார்.

ஆறு மாதம் மூன்று வருடமானது. அகதிகளின் மனைவி பிள்ளைகளை அழைக்கும் விண்ணப்பங்களைக் கோப்பன்ஹேகனில் அடைகாத்துக்கொண்டிருந்த காலம் அது. பின்னால் அதுவே பெரிய விவகாரமாகி அரசாங்கத்தையே கவிழ்த்தது. அரசாங்கத்தின் கதை இருக்கட்டும். ஸ்ரனிஸ்லாஸுக்கு அப்போது தெரிந்தது இரண்டுதான்: பக்கத்தில் மனைவி இல்லை, கையில் கிளாஸ் இல்லை. வெளியே சொல்ல வெட்கப்பட்டாலும் முதலாவதுதான் அவரை வாட்டியது.

வீட்டில் கூட இருந்த நிக்கலஸ் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு போத்தலைத் திறந்து அவருடைய மூக்குக்குக் கீழே ஆட்டுவான், அவரும் அதை விடாமல் செலீனாவுக்குக் கடிதத்தில் எழுதுவார்.

"அண்ணை, மடு மாதாவுக்கு இஞ்ச விசா இல்லை. ஒரு முடறு குடியுங்கோ."

"போடா எருமை. அவ விசா இல்லாமலே வருவா."

எண்பத்தொன்பது ஆவணிக் கடைசியில் கடிதம் வந்தது. செலீனாவுக்கு அனுமதி கிடைத்துவிட்டது, ஐப்பசியில் வருகிறாள். ஸ்ரனிஸ்லாஸ் அந்தக் கடிதத்தைத் தொழிற்சாலை முழுக்கக் காட்டினார். கூட வேலை செய்த ஈனார் என்ற டேனிஷ்காரர் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு, மறுநாள் ஒரு பரிசோடு வந்தார். வீட்டிலேயே பியர் காய்ச்சும் சாமான்: பாகு போலக் கட்டியான மால்ட் ஒரு தகரம், ஈஸ்ட் ஒரு சின்னப் பக்கற், மூடியோடு பிளாஸ்டிக் வாளி, இரண்டு பெட்டியில் அறுபது வெறும் போத்தல். தகரத்தில் உள்ளதை மட்டும் கரைத்தால் பியர் இனித்துக் கிடக்கும் என்று, கசப்புக்குக் காய்ந்த ஹொப்ஸ் பூவும் ஒரு பை நிறையத் தந்தார். ஒரு கைப்பிடி, பத்து நிமிடம் கொதி, வடித்து ஊற்று என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்.

ஸ்ரனிஸ்லாஸ் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். வீட்டுக்கு வந்து பையைத் திறந்து மோந்தார். வேப்பம்பூவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் போல ஒரு வாசம். உடனே அவருக்குள் இருந்த பரியாரி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"பத்து நிமிசமோ? சாறு இறங்க வேண்டாமோ? வெள்ளைக்காரனுக்குக் கசாயத்தைப் பற்றி என்ன தெரியும்!"

பை முழுவதையும் பெரிய பானையில் கொட்டினார். எட்டுக் கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாக வற்றும்வரை கிண்டிக்கொண்டு நின்றார். யன்னல் கண்ணாடி எல்லாம் வேர்த்து வழிந்தது. வேலையால் வந்த நிக்கலஸ் வாசலிலேயே நின்று, "ஆருக்கண்ணை காய்ச்சல்?" என்று கேட்டான். சாறு தார் நிறத்தில் இறங்கியது. மால்ட்டும் தண்ணீரும் ஈஸ்ட்டும் கலந்து வைத்திருந்த வாளியில் அதை அப்படியே ஊற்றினார்.

ஒரு வாரம் வாளி குமிழி விட்டது. பிறகு போத்தலுக்கு ஒரு கரண்டி சீனி போட்டு அடைத்தார். இன்னும் இரண்டு வாரம் போனது. இப்போதுதான் சிக்கல். காய்ச்சியவர் ருசி பார்க்க முடியாது, மாதா பார்த்துக்கொண்டிருக்கிறா. அறுபது போத்தலில் அடங்காமல் ஒரு சாடியில் மிஞ்சியிருந்ததைக் கிளாஸில் ஊற்றி நிக்கலஸிடம் நீட்டினார்.

நிக்கலஸ் ஒரு வாய் குடித்தான். நாக்கு சுருண்டது, காது அடைத்தது. ஆனால் மூன்று வருடமாக ஒரு சொட்டும் குடிக்க வைக்க முடியாத மனுசனைப் பழிவாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? கண்ணீரை அடக்கிக்கொண்டு, "அமிர்தம் அண்ணை! அக்காவுக்கு அப்பிடியே வைச்சிருங்கோ" என்றான். அவர் திரும்பியதும் மிச்சத்தைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டான்.

செலீனா வந்தாள். வைலே ஸ்ரேசனில் அவளைக் கண்டதும் ஸ்ரனிஸ்லாஸ் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். வீட்டில் ஈனாரும் நிக்கலஸும் பூவோடு காத்திருந்தார்கள். செலீனா சாமான் வைக்க இடம் தேடி, யன்னலடியில் மூடியிருந்த படுக்கை விரிப்பைத் தூக்கினாள். அறுபது போத்தல்.

அவள் முகம் கறுத்தது. டென்மார்க்கில் தண்ணீருக்குப் பதில் பியர்தான் என்று ஊரில் எத்தனை பேர் அவள் காதில் ஓதியிருந்தார்கள்!

"மாதாவுக்கு முன்னால சத்தியம் பண்ணின வாய்தானே இது?"

"செலீனா, உனக்காகக் காய்ச்சினது. ஒரு சொட்டும் தொடேல்ல."

"அறுபது போத்திலைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு நீங்கள் தொடேல்ல? பூனை கருவாட்டுக்குக் காவல் இருந்ததோ?"

"சத்தியமா, அண்ணை ருசிகூடப் பாக்கேல்ல அக்கா" என்றான் நிக்கலஸ். முதல் தடவையாக உண்மை சொன்னான். அவனுடைய முகத்தைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். ஸ்ரனிஸ்லாஸின் மூன்று வருட விரதம் ஒரு படுக்கை விரிப்போடு போய்விடும் போலிருந்தது.

செலீனா ஒரு போத்தலைத் திறந்து, கிளாஸில் ஊற்றி நீட்டினாள். "குடியுங்கோ" என்றாள். கண்ணை அவர் முகத்தை விட்டு எடுக்கவில்லை.

மூன்று வருடத் தாகம். ஸ்ரனிஸ்லாஸ் பெரிய முடறாகவே இழுத்தார்.

புருவம் மேலே போனது, தாடை ஒரு பக்கம் போனது. "ஐயோ, மாதாவே!" என்று கத்திக்கொண்டு தொட்டியடிக்கு ஓடினார். ஈனார் பதறிப்போய்க் கிளாஸை எடுத்து நக்கிப் பார்த்து, தானும் பின்னால் ஓடினார்.

செலீனா முதலில் திகைத்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள், சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது.

"இதை ஒருக்காக் குடிச்சுப் பாத்த மனுசன் அறுபது போத்தில் அடைச்சு வைச்சிருக்க மாட்டான்" என்றாள். வாய் கழுவிவிட்டு வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் சத்தியத்தைக் காப்பாத்திப்போட்டியள்."

"நிக்கலஸ்தான் அமிர்தம் எண்டு சொன்னவன்" என்றார் ஸ்ரனிஸ்லாஸ், இன்னும் இருமிக்கொண்டு.

நிக்கலஸ் அதற்குள் சப்பாத்தைப் போட்டுவிட்டான். செலீனா கதவை மறித்து நின்றாள். கையில் நிரம்பிய கிளாஸ்.

"தம்பி, என்ர கையால ஊத்தினது. வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ."

நிக்கலஸ் குடித்தான். அன்றைக்கு அடிமட்டம்வரை குடித்தான். மிச்சம் ஐம்பத்தெட்டுப் போத்தல் இருந்தது, செலீனா வெள்ளிக்கிழமைகளை மறக்கிற ஆள் இல்லை.