எதிரே ஓடி வந்தவர்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. சீனி வருத்தத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, கட்டாயம் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதால், நானும் மச்சாளும் காலையில், நாங்கள் குடியேறியிருந்த அஜின்கோர்ட்டில் பள்ளிக்கூடமொன்றின் ஓட்டப் பாதையைச் சுற்றுவோம். எங்களுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு பெண் ஓடி வருவார். கெண்டைக்கால்கள் முறுக்கிய கயிறு போலிருக்கும். ஸ்பெயினுக்காக நெடுந்தூரம் ஓடி ஓய்வுபெற்றவர் என்று பள்ளிக்கூடக் காவலாளி சொல்லியிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் எங்களுக்கு வழிவிட்டு, கையை உயர்த்திவிட்டுப் போவார்.

ஒருநாள் காவலாளி எங்களை மறித்தார். எல்லோரும் இடப்பக்கமாகத்தான் சுற்றவேண்டுமாம். நாங்கள் மாறிச் சுற்றுகிறோமாம். திசையை மாற்றாவிட்டால் இனி வரவேண்டாமாம்.

"கோயிலை வலமாச் சுத்திப் பழகின கால். இனி என்னெண்டு மாத்திறது? உவருக்குச் சொல்லுங்கோ மச்சாள்," என்றாள் மச்சாள். அவளுக்கு நானும் மச்சாள்தான்.

என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். ஓடி வந்தவரும் நின்று கேட்டார். பிறகு காவலாளியிடம், "இவர்கள் இப்படியே சுற்றட்டும். நான் ஓடிய காலமெல்லாம் எனக்கு முன்னால் முதுகுகள்தான் தெரியும். சில நாள் ஒருவருமே தெரியாது. இங்கேதான் முகம் பார்த்து ஓடுகிறேன்," என்றார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலத்தான். ஆனால் காவலாளி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

"நீங்கள் வென்றிருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"முன்னால் ஒருவருமே தெரியாத நாட்களில்," என்றார். பெருமையடிக்கவும் இல்லை, கூச்சப்படவும் இல்லை.

அவ்வளவு நாளும் நான் பார்த்தது அவருடைய கால்களை மட்டும்தான். அடுத்த சுற்றில் அவர் எதிரே வந்தபோது முகத்தைப் பார்த்தேன்.